ஒன்பது மாத எம்.பி. டைஸ் சோம்பர்: முதல் இந்தியர் இவரா, நௌரோஜியா?

குகைக்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து குரூப் 2 தேர்வுக்குப் படிக்கிறோம், சேலம் அஸ்தம்பட்டியில். பொது அறிவுக் கேள்விகளை ஒருத்தரையொருத்தர் கேட்டுக்கொண்டிருந்தபோது ‘பிரிட்டிஷ் நாடாளுமன்றத்துக்குத் தேர்வான முதல் இந்தியர் யார்’ என்று ஒன்று வந்தது. தாதாபாய் நௌரோஜி, 1892 என்று நான் சொல்லி வாயை மூடவில்லை, எங்கள் கூட்டத்தில் எதற்கும் குறுக்கே பேசுகிற ஒருத்தன் இருக்கிறான், அவன் ‘அதெல்லாம் இல்லை, 1841லேயே டைஸ் சோம்பர் என்று ஒருத்தர் எம்.பி. ஆகிவிட்டார், ஆனால் லஞ்சப் புகாரில் ஒன்பதே மாதத்தில் பதவி போய்விட்டது, அப்புறம் அவரைப் பைத்தியம் என்று வேறு சொல்லிவிட்டார்கள்’ என்றான். கதை விடுகிறான் என்றுதான் நினைத்தேன். தேடிப் பார்த்தால் ஆள் நிஜமாகவே இருந்திருக்கிறார்.

இப்போது என் சந்தேகம் வேறு. அந்தக் காலத்து இங்கிலாந்தில் ஓட்டுக்குக் காசு கொடுக்காதவன் யார்? அப்படியிருக்க இவர் பதவியை மட்டும் ஏன் பறித்தார்கள், நிறம் கறுப்பு என்பதாலா? பைத்தியம் என்றது உண்மையா, சொத்துக்காகக் கட்டிவிட்டதா? தேர்வில் கேட்டால் யார் பெயரை எழுதுவது? தெரிந்தவர்கள் கொஞ்சம் விளக்கமாகவே சொல்லுங்கள், நீளமாக இருந்தாலும் படிக்கிறேன்.

சேர்வராயன்:

தம்பி, உங்கள் நண்பன் சொன்னது சரிதான். நான் ஏற்காட்டில் இருக்கிறேன், மழைக்காலத்தில் மின்சாரம் போனால் பழைய கதைகளைப் படிப்பதைத் தவிர இங்கே வேறு வேலை கிடையாது, அதனால் இந்த ஆளைப் பற்றிக் கொஞ்சம் தெரியும்.

முழுப்பெயர் டேவிட் ஆக்டர்லோனி டைஸ் சோம்பர். 1808 டிசம்பரில் மீரட் பக்கத்தில் இருக்கும் சர்தானாவில் பிறந்தவர். சர்தானா என்றால் பேகம் சம்ரூவின் ஊர். அந்தம்மா கதை தனிக் கதை. வால்ட்டர் ரைன்ஹார்ட் என்ற ஐரோப்பியக் கூலிப்படைத் தலைவனோடு வாழ்ந்து, அவன் செத்த பிறகு அவன் படையையும் ஜாகீரையும் (வரி வசூலித்துக்கொள்ள அரசர் கொடுத்த நிலத்தையும்) தானே நடத்தி, 1781ல் கத்தோலிக்கராக ஞானஸ்நானம் பெற்று, சர்தானாவில் பெரிய மாதா கோவிலும் கட்டியவர். சம்ரூ என்பதும் சோம்பர் என்பதும் அந்த ரைன்ஹார்ட்டின் பட்டப்பெயர் வழியாக வந்தவை. நம்ம ஆள் ரைன்ஹார்ட்டின் முதல் மனைவி வழிக் கொள்ளுப்பேரன். அப்பா வழியில் ஸ்காட்லாந்து ரத்தமும் உண்டு. டேவிட் ஆக்டர்லோனி என்ற முன்பெயர் அப்போது டெல்லியில் பெரிய மனிதராக இருந்த கிழக்கிந்தியக் கம்பெனி அதிகாரியின் பெயர். ஆக ஒரு பிள்ளையின் பெயரிலேயே அந்தக் காலத்து வட இந்தியா முழுவதும் அடங்கிவிட்டது.

பேகத்துக்குப் பிள்ளை இல்லை, இவரை எடுத்து வளர்த்தார். 1836 ஜனவரியில் பேகம் இறந்ததும் சர்தானாவைக் கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கொண்டது, ரொக்கமும் பத்திரங்களும் இவருக்கு வந்தன. லட்சக்கணக்கான பவுன். நாடு போனது, பணம் மட்டும் மிஞ்சியது. வயது முப்பது ஆகவில்லை. 1838ல் இங்கிலாந்து போய்ச் சேர்ந்தார்.

அங்கே பணத்துக்கு முதலில் எல்லாக் கதவும் திறந்தன. 1840 செப்டம்பரில் செயின்ட் வின்சென்ட் பிரபுவின் மகள் மேரி ஆன் ஜெர்விஸைக் கல்யாணம் செய்தார். மறுவருஷம் பொதுத்தேர்தல். சஃபோக் மாவட்டத்தில் சட்பரி என்ற சின்னத் தொகுதியில் நின்று ஜெயித்தார். அந்த ஊரோடு அவருக்கு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. 1841 ஜூலையில் உள்ளே போனவர் 1842 ஏப்ரலில் வெளியே வந்துவிட்டார்.

இன்னொன்று. அவர் கத்தோலிக்கர் என்பதை மறந்துவிடாதீர்கள். 1829க்கு முன்பு கத்தோலிக்கர்கள் அந்தச் சபையில் உட்காரவே முடியாது. பதின்மூன்று வருஷம் முன்னால் நின்றிருந்தால், நிறத்தைப் பற்றிப் பேசும் முன்பே மதத்தைச் சொல்லி வாசலிலேயே நிறுத்தியிருப்பார்கள்.

ஐந்துரோடு:

லஞ்சம் கொடுத்தான், மாட்டினான், போனான். இதற்கு எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி? நௌரோஜி என்று எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போங்கப்பா.

பழைய குமாஸ்தா:

ஐந்துரோடு தம்பி சொல்கிற மாதிரி அவ்வளவு சுலபமாக முடிகிற விஷயம் இல்லை இது. சேலம் கோர்ட்டில் வக்கீல் குமாஸ்தாவாகப் பல வருஷம் ஓட்டியவன் என்பதால் இந்தத் தேர்தல் வழக்குப் பகுதியை நான் சொல்கிறேன்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 1841ல் இங்கிலாந்தில் ரகசிய ஓட்டு கிடையாது. அது 1872ல்தான் வந்தது. அதுவரை ஓட்டுப் போடுகிறவன் எல்லார் எதிரிலும் போய் நின்று, தன் பெயரைச் சொல்லி, இன்னாருக்கு என் ஓட்டு என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். குமாஸ்தா எழுதிக்கொள்வான். தேர்தல் முடிந்த பிறகு யார் யாருக்குப் போட்டார்கள் என்று புத்தகமாகவே அச்சடித்து விற்பார்கள். யோசித்துப் பாருங்கள், காசு கொடுக்கிறவனுக்கு இதைவிட வசதி என்ன வேண்டும்? இன்றைக்குக் கவரை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, உள்ளே போய் மனசுக்குப் பிடித்த சின்னத்தில் அமுக்கிவிட்டு வருகிறவனை யாரும் ஒன்றும் செய்ய முடியாது. அன்றைக்கு அப்படி இல்லை, வாங்கின காசுக்கு ஓட்டு வந்ததா என்று பக்கத்தில் நின்றே சரிபார்க்கலாம். விலை கொடுத்தால் சரக்கு நிச்சயம்.

சட்பரியில் மொத்தமே சில நூறு ஓட்டுதான், இரண்டு எம்.பி. பதவி. ஓட்டருக்கு ஆளுக்கு இரண்டு ஓட்டு. பட்டு நெசவுக்குப் பேர்போன ஊர். குகைக்காரன் தம்பிக்குச் சட்டென்று புரியும், நம்ம குகை, அம்மாப்பேட்டை மாதிரி தறிச் சத்தத்தில் விடிகிற ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்படிச் சின்ன ஊரில், பணத்தைக் கொட்டத் தயாராக இருக்கிற ஒரு வெளியூர்க்காரர் வந்து இறங்கினால் என்ன நடக்கும் என்று நான் சொல்லவே வேண்டாம்.

தோற்ற தரப்பிலிருந்து மனு போனது. இங்கே இன்னொரு வேடிக்கை. அப்போது தேர்தல் மனுவை நீதிபதி விசாரிக்க மாட்டார், சபை உறுப்பினர்கள் கொண்ட குழுதான் விசாரிக்கும். நீதிபதிகள் கைக்கு அது வந்தது 1868ல். நம் நாட்டில் இன்றைக்கு முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டும், 1951 சட்டம் அப்படி. எம்.பி.க்களே உட்கார்ந்து எம்.பி.யை விசாரிப்பது என்பது எப்படி இருக்கும் என்று நீங்களே கற்பனை செய்துகொள்ளுங்கள்.

குழு என்ன சொன்னது என்றால், சட்பரியில் லஞ்சம் மோசமாக, திட்டமிட்டு, பரவலாக நடந்திருக்கிறது என்றது. தேர்தல் செல்லாது. இதில் கவனிக்க வேண்டியது, டைஸ் சோம்பர் பதவி மட்டும் போகவில்லை, அவரோடு சேர்ந்து ஜெயித்த வில்லியர்ஸ் பதவியும் போனது. அவர் வெள்ளைக்காரர்தான். அதோடும் விடவில்லை. காலியான இடத்துக்கு மறுதேர்தலே வைக்காமல் இழுத்து, 1844ல் தனிச் சட்டம் போட்டு சட்பரிக்கு எம்.பி. அனுப்பும் உரிமையையே பறித்துவிட்டார்கள். ஊரே தண்டனை வாங்கியது. அதனால் நிறத்துக்காகத்தான் பதவி போனது என்று சொன்னால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். இவர் கொடுத்தது எல்லாரும் கொடுத்ததுதான். ஆனால் அந்த ஊர் கொஞ்சம் அதிகமாகவே நாறிப்போயிருந்தது.

குகைக்காரன்:

ஐயா, ரொம்ப நன்றி. வில்லியர்ஸ் பதவியும் போனது எனக்குத் தெரியாது, எங்கேயும் அதைச் சொல்லவில்லை. அப்போ பைத்தியம் என்ற பகுதி?

சேர்வராயன்:

அதுதான் தம்பி நிஜமான கதை. எம்.பி. பதவி ஒன்பது மாதம், இது எட்டு வருஷம்.

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே மனைவிமேல் சந்தேகம். இன்னார் என்று இல்லை, பலரோடு சேர்த்துப் பேசினார், அவள் சொந்த அப்பாவையே விடவில்லை. சிலரைத் துப்பாக்கிச் சண்டைக்குக் கூப்பிட்டார். 1843ல் சான்சரி கோர்ட் (புத்தி சரியில்லாதவர்களின் சொத்து விவகாரங்களையும் பார்த்த லண்டன் நீதிமன்றம்) வழியாக விசாரணை வைத்து, ஜூரி உட்கார்ந்து, இவர் புத்தி சரியில்லாதவர் என்று தீர்ப்பு. சொத்து அவர் கையை விட்டுப் போனது. அந்தச் செப்டம்பரில் கண்காணிப்பிலிருந்து தப்பித்து பாரிஸ் ஓடிவிட்டார்.

பாரிஸ் டாக்டர்கள் பார்த்துவிட்டு, இந்த மனுஷன் தெளிவாகத்தானே இருக்கிறார் என்றார்கள். லண்டன் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பத் திரும்பப் பரிசோதனை, ஒரு டாக்டர் ஒன்று சொன்னால் இன்னொருவர் வேறு சொல்வார். கடைசியில் 1849ல் இவரே பாரிஸில் ஒரு தடித்த புத்தகம் போட்டார், நான் பைத்தியம் இல்லை என்று நிரூபிப்பதற்காகவே. அவர் வாதம் சுருக்கமாக: நான் வளர்ந்த இடத்தில் பெண்கள் அந்தப்புரத்தில் இருப்பார்கள், வெளி ஆண்களோடு சிரித்துப் பேச மாட்டார்கள், நான் கோபப்பட்டது என் ஊர் வழக்கப்படி நியாயம், அதை உங்கள் ஊர் அளவுகோலை வைத்து நோய் என்கிறீர்கள் என்பது.

என் அபிப்பிராயம்: பாதி உண்மை. அவர் முழுச் சமநிலையில் இருந்த மாதிரி தெரியவில்லை, மாமனாரையே சந்தேகப்பட்டதற்கு சர்தானா வழக்கத்தைக் காரணம் காட்ட முடியாது. ஆனால் இதே குணங்கள் சொத்தில்லாத ஒரு வெள்ளைக்காரக் கனவானுக்கு இருந்திருந்தால் கோர்ட் வரைக்கும் போயிருக்குமா? குமாஸ்தா ஐயா பதவி விஷயத்தில் நிறம் இல்லை என்றார், சரி. இந்த விஷயத்தில் நிறம் இருக்கிறது, ஆசியக்காரனுக்கு இப்படித்தான் பொறாமை இருக்கும் என்று இரண்டு பக்கமும் பேசின. வேடிக்கை என்னவென்றால் அவரைக் காப்பாற்ற நினைத்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

1851 ஜூலை 1ஆம் தேதி லண்டனில் இறந்தார், 42 வயது. வழக்கு முடியவில்லை. உடலை 1867ல்தான் சர்தானாவுக்குக் கொண்டுபோய் பேகத்துக்குப் பக்கத்தில் புதைத்தார்கள்.

ஆத்தூர் டீச்சர்:

இவ்வளவு நேரம் எல்லாரும் அவர் பக்கத்தையே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மேரி ஆன் சும்மா பெரிய வீட்டுப் பொம்மை இல்லை. நன்றாகப் பாடுவார், வெலிங்டன் பிரபுவே அவர் பாட்டுக்கு ரசிகர். அப்படி நாலு பேரோடு பழகி வளர்ந்த பெண்ணைக் கட்டிக்கொண்டு, யாரோடு பேசினாலும் சந்தேகம் என்றால் அவர் என்ன செய்வார்? விவாகரத்து வாங்கலாமே என்று கேட்காதீர்கள். அப்போது முழு விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டம் நிறைவேற வேண்டும், கோர்ட்டில் விவாகரத்து வழக்குப் போடலாம் என்பதே 1857ல்தான் வந்தது. கல்யாணமான பெண்ணுக்குத் தன் பேரில் சொத்து வைத்துக்கொள்ளும் முழு உரிமை 1882ல். ஆக 1843ல் அவர் முன்னால் இருந்த வழிகள் இரண்டு: சகித்துக்கொண்டு கிடப்பது, இல்லை கணவனுக்குப் புத்தி சரியில்லை என்று நிரூபிப்பது. சொத்துக்கு ஆசைப்பட்டார் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் வேறு கதவைத் திறந்து வைத்திருந்தார்களா என்பதையும் கேளுங்கள்.

அப்புறம் முதல் கேள்விக்கு வருகிறேன். டைஸ் சோம்பரை முதல் இந்திய எம்.பி. என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. பிறப்பை வைத்துச் சொன்னால் சொல்லலாம், ஆசிய வம்சாவளியில் முதல் எம்.பி. அவர்தான், அதை மறுக்க முடியாது. ஆனால் இந்தியாவுக்காகப் பேசப் போகிறேன் என்று ஓட்டுக் கேட்டுப் போனவர் இல்லை. அந்த எண்ணமே நாற்பது வருஷம் கழித்துத்தான் வருகிறது. அதில் நம்ம சேலத்துக்கும் ஒரு பங்கு இருக்கிறது, அது தெரியாமல் சேலத்துப் பிள்ளைகள் தேர்வுக்குப் படிக்கிறீர்களே!

1885ல் இங்கிலாந்துத் தேர்தல் சமயத்தில், இந்தியாவின் குறைகளை அந்த ஊர் ஓட்டர்களிடமே நேரில் எடுத்துச் சொல்வதற்காக மூன்று பேரை அனுப்பினார்கள். வங்காளத்திலிருந்து மன்மோகன் கோஷ், பம்பாயிலிருந்து சந்தாவர்க்கர், சென்னை மாகாணத்திலிருந்து சேலம் ராமசாமி முதலியார். அதே தேர்தலில் மன்மோகனின் தம்பி லால்மோகன் கோஷ் லண்டன் டெப்ட்ஃபர்டு தொகுதியில் லிபரல் கட்சிக்காக நின்றார், தோற்றார். மறுவருஷமும் நின்றார், மறுபடியும் தோற்றார்.

சேலம் ராமசாமி முதலியார் யார் என்று தெரியாதவர்களுக்கு: உ.வே.சாமிநாதையரிடம் சீவக சிந்தாமணி படித்திருக்கிறீரா என்று கேட்டு, ஏட்டைக் கொடுத்து அந்த வேலையைத் தொடங்கி வைத்தவர் இவர்தான். 1880ல் கும்பகோணத்தில் முன்சீப்பாக இருந்தபோது. சிந்தாமணி 1887ல் அச்சில் வந்தது. நடுவில் இவர் லண்டன் போய் இங்கிலீஷ்காரனிடம் பேசிவிட்டு வந்திருக்கிறார். தமிழ்ப் பாடத்தில் இவரை நடத்துவோம், வரலாற்றுப் பாடத்தில் இவர் பெயர் வராது. எனக்கு இதில் நெடுநாள் வருத்தம் உண்டு. சென்னை சென்ட்ரல் எதிரில் சத்திரம் கட்டிய ராஜா சர் சவலை ராமசாமி முதலியார் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

குகைக்காரன்:

டீச்சர், அந்தச் சேலம் ராமசாமி முதலியாரும் இவரும் ஒரே ஆள் என்பது சத்தியமாக இதுவரை எனக்குத் தோன்றவே இல்லை. நௌரோஜி பற்றியும் கொஞ்சம் சொல்லுங்கள், அவரும் கொஞ்ச நாள்தானே எம்.பி.?

ஆத்தூர் டீச்சர்:

மூணு வருஷம். 1886ல் ஹோல்பர்ன் தொகுதியில் நின்று தோற்றார். அதைக் குறிப்பிட்டுத்தான் 1888ல் பிரதமர் சாலிஸ்பரி, ஒரு கறுப்பு மனிதனை இங்கிலீஷ் தொகுதி தேர்ந்தெடுக்கிற அளவுக்கு நாம் இன்னும் போகவில்லை என்கிற மாதிரி பேசி வாங்கிக் கட்டிக்கொண்டார். அந்தப் பேச்சே நௌரோஜியை நாடு முழுக்கப் பிரபலமாக்கிவிட்டது. 1892ல் மத்திய ஃபின்ஸ்பரியில் வெறும் 5 ஓட்டில் ஜெயித்தார். பார்சி என்பதால் அவர்கள் வேதமான அவெஸ்தா மேல் கைவைத்து உறுதிமொழி. 1895ல் தோற்றுவிட்டார்.

ஆனால் அந்த மூணு வருஷத்தில் நடந்த ஒன்று நீங்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. ஐ.சி.எஸ். தேர்வு, அதாவது இன்றைய ஐ.ஏ.எஸ். மாதிரியான உயர் அதிகாரிகள் தேர்வு, லண்டனில் மட்டும்தான் நடக்கும் அப்போது. கப்பல் ஏறக் காசு இருந்தால்தான் தேர்வே எழுத முடியும். இந்தியாவிலும் அதே சமயத்தில் தேர்வு நடத்த வேண்டும் என்ற தீர்மானம் 1893 ஜூனில் கீழ்ச்சபையில் நிறைவேறியது, நௌரோஜி அதற்காக உழைத்தவர். அரசாங்கம் அதைக் கிடப்பில் போட்டது. கடைசியில் இந்தியாவில் ஐ.சி.எஸ். தேர்வு நடந்தது 1922ல். அஸ்தம்பட்டியில் உட்கார்ந்து படித்து உள்ளூரிலேயே தேர்வு எழுதுகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

ஐந்துரோடு:

டீச்சர், நான் சொன்ன பதிலும் நௌரோஜிதானே. அதை ரெண்டு வரியில் சொன்னேன், திட்டு வாங்கினேன் :)

பழைய குமாஸ்தா:

ஒரு சேர்க்கை. டைஸ் சோம்பர் உயில் வழக்கு 1856ல் லண்டனில் இருந்த மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் வரை போனது. மனைவிக்கு எதுவும் இல்லை, பெரும்பகுதி சர்தானாவில் பள்ளிக்கூடம் வைக்க என்று உயில். அந்த உயிலைக் காப்பாற்ற வாதாடியது யார் தெரியுமா, கிழக்கிந்தியக் கம்பெனி! இவரிடமிருந்து சர்தானாவைப் பிடுங்கிய அதே கம்பெனி. தோற்றார்கள். எழுதும்போது புத்தி சுவாதீனம் இல்லை என்று உயில் தள்ளுபடி, சொத்து மனைவிக்கு. அந்தம்மா பிறகு ஃபாரஸ்டர் பிரபுவைக் கட்டிக்கொண்டார். கம்பெனி பறித்த நிலத்துக்கும் ஆயுதங்களுக்கும் நஷ்டஈடு கேட்ட வழக்கு அந்தம்மா பெயரில் 1872 வரை ஓடியது. ஒன்பது மாத எம்.பி.க்காக வக்கீல்கள் எத்தனை வருஷம் சாப்பிட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

தேர்வு விஷயத்தில் டீச்சர் சொன்னதே என் பதிலும். ‘முதல் இந்தியர்’ என்று கேட்டு விடைகளில் நௌரோஜி இருந்தால் நௌரோஜி. ‘ஆசிய வம்சாவளியில் முதல்’ என்று கேட்டு டைஸ் சோம்பர் பெயர் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு அவரைப் போடுங்கள்.

சேர்வராயன்:

ஐயாவும் டீச்சரும் சொன்னாலும் நான் முழுசாக ஒத்துக்கொள்ளவில்லை. இந்தியாவுக்காகப் பேசினால்தான் இந்தியர் என்றால், 1895ல் பெத்னல் கிரீனில் கன்சர்வேட்டிவ் கட்சியில் ஜெயித்துக் காங்கிரஸை எதிர்த்துப் பேசிய பவனகரியை எந்தக் கணக்கில் சேர்ப்பீர்கள்? அவரை இரண்டாவது இந்திய எம்.பி. என்று எல்லாப் புத்தகமும் போடுகிறது, அவர் கொள்கையைப் பார்த்து யாரும் வெட்டவில்லை. கலப்பு ரத்தம், லஞ்சம், பைத்தியம் என்று மூன்றும் சேர்ந்ததால் டைஸ் சோம்பரைச் சொல்லிக்கொள்ள நமக்கும் கூச்சம், அவர்களுக்கும் கூச்சம். தேர்வில் நௌரோஜி என்றே எழுதுங்கள் தம்பி, மார்க் முக்கியம். நண்பனிடம் மட்டும், நீ சொன்னதும் தப்பில்லை என்று சொல்லிவிடுங்கள்.

குகைக்காரன்:

சொல்ல மாட்டேன் அண்ணே. சொன்னால் தேர்வு முடிகிற வரைக்கும் அவன் தொல்லை தாங்காது.